விளையாட்டு வீராங்கனைகளைத் தெரிவுசெய்தலும் வளர்த்தெடுத்தலும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாகக் கிரானில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை விளையாட்டுப் புலமைப்பரிசிலுக்கு ஒதுக்குவதென்று நமது செயற்குழு முடிவுசெய்திருக்கிறது. கல்குடா வலயத்துக் கிராமப் பாடசாலைகளில் கெட்டித்தனமாக விளையாடும் 12, 13 வயதுப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, விடுதியில் சேர்த்து, பயிற்சி கொடுத்து, 5 வருடத்துக்குள் அகில இலங்கைக் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது யோசனை. ஒரு வைத்தியராக இதில் உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்கள். யோசனை நல்லது. ஆனால் அந்த 12 வயது என்பதிலும், எந்த நிபந்தனையும் எழுதாமல் பிள்ளையை எடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் எந்த விளையாட்டு என்பதைப் பார்ப்போம். வெளிநாட்டு அக்காமார் சிலர் ஹொக்கி என்று எழுதியிருந்தார்கள். ரொறன்ரோவில் இருப்பவர்கள் ஹொக்கி என்றால் பனிக்கட்டியில் விளையாடுவதைத்தான் நினைப்பார்கள். அவர்கள் சொன்னது புல்தரை ஹொக்கி என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. புல்தரை ஹொக்கி நல்ல விளையாட்டு. 1901இல் கொன்ஸ்டன்ஸ் அப்பில்பி என்ற ஆங்கிலேயப் பெண்மணி அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளுக்கு அதைக் கொண்டுபோனார். இன்று அங்கே பல்கலைக்கழகங்கள் அதற்காக உலகமெல்லாம் பிள்ளைகளைத் தேடுகின்றன. ஆனால் அதற்கு ஏறத்தாழ 91 மீற்றர் நீளமும் 55 மீற்றர் அகலமும் கொண்ட மட்டமான மைதானம் வேண்டும். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது; இன்று பெரிய போட்டிகள் எல்லாம் அதில்தான். நம் பிள்ளை மண்தரையில் பழகிவிட்டுக் கொழும்பில் அந்தத் தரையில் போய் நின்றால், பந்து அவள் கண்ணுக்குத் தெரிவதற்குள் கடந்துபோயிருக்கும். வலைப்பந்தாட்டத்துக்கு 30 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் போதும். ஏழு பிள்ளைகள், ஒரு பந்து, இரண்டு கம்பம். இலங்கையில் பெண்கள் பாடசாலை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வலைப்பந்து இருப்பதன் காரணம் அதுதான். ஆகவே வலைப்பந்தையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

வலைப்பந்து என்றதும் நாம் நினைக்க வேண்டியவர் தர்ஜினி சிவலிங்கம். 1979இல் யாழ்ப்பாணத்து ஏவிளானைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர் என்று சிலரும் ஈவினை என்று சிலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஈவினைதான் சரி, புன்னாலைக்கட்டுவனுக்குப் பக்கத்து ஊர். யுத்தத்துக்குள் வளர்ந்த பிள்ளை. உயரம் 2 மீற்றரையும் தாண்டி 8 சென்ரிமீற்றர். அவர் படிக்க வந்தது இங்கே, நமக்குப் பக்கத்தில் வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு. 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த எறிவாளராகத் தெரிவானார். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தார். அதே வருடம் அவுஸ்திரேலியாவின் கொலிங்வூட் மக்பைஸ் அணி அவரை எடுத்தது. அந்த நாட்டின் உயர்மட்டத் தொடரில் சேர்ந்த முதல் இலங்கையர் அவர்தான். 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில், 40 வயதில், 348 கோல்கள் போட்டு எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் முந்தினார்.

இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன்? இந்த நாட்டில் ஆறடி பத்தங்குலப் பெண்ணை ஒளித்துவைக்க முடியாது. கடைத்தெருவில் போனாலே ஊர் திரும்பிப் பார்க்கும். அப்படி இருந்தும் அவர் 12 வயதில் யாரோ தெரிவுசெய்து வளர்த்த பிள்ளை அல்ல. உயர்மட்டத்துக்கு அவர் வந்தது இருபதுகளின் நடுப்பகுதியில். 40 வயதில் உச்சத்தில் நின்றார். உயரம் கண்ணுக்குத் தெரிகிற ஒருவருக்கே இப்படியென்றால், சாதாரண உயரத்தில், நல்ல கண்ணும் வேகமான காலும் உள்ள கோராவெளிப் பிள்ளையை யார் காண்பது?

இங்கே பிள்ளைகளை வடிகட்டுவது திறமை அல்ல, கடைசி பஸ். பெற்றோருக்கு இது தெரியும். பட்டணத்திலிருந்து வந்திருக்கும் சங்க அங்கத்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாடசாலை 1.30க்கு விடும். பயிற்சி 3 மணிக்கு. 5 மணிக்கு முடிந்தால், பாலத்துக்கு அப்பால் இருக்கும் பிள்ளை எதில் வீட்டுக்குப் போவது? மார்கழியில் கேட்கவே வேண்டாம். வாவி பெருகி, கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி தண்ணீருக்குள் போய்விட்டால், சனம் படகில்தான் கடக்கிறது. அப்போது எந்தத் தாய் பிள்ளையைப் பயிற்சிக்கு நிற்கவிடுவாள்? என்னுடைய வகுப்பில் ஒருத்தி இருந்தாள். நான் நடுக்களத்தில் விளையாடினேன், அவள் எறிவாள். எங்கள் எல்லோரையும்விட அவள்தான் விளையாட்டுக்காரி. தொண்ணூறுகளில் சோதனைச் சாவடி தாண்டி வரவேண்டிய ஊர் அவளுடையது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரமுடியாது என்று தகப்பன் ஒருநாள் நிறுத்திவிட்டார். அந்த மனிசனைக் குறைசொல்ல அன்றும் எனக்கு வாய் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அதனால் நிதியின் முதல் ரூபாய் விடுதிக் கட்டிலுக்கு அல்ல, வாகனத்துக்குப் போகவேண்டும் என்பது என் கருத்து. கிழமையில் மூன்று நாள், பயிற்சி முடிய, ஒரு பெண் பொறுப்பாளரோடு பிள்ளைகளை வீட்டு வாசலில் இறக்கும் ஒரு வான். கிண்ணத்தைப் போல இதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துக் காட்ட முடியாது என்பது உண்மைதான்.

இனி வயது விடயம். பெண்பிள்ளை மிக வேகமாக உயரும் காலம் பெரும்பாலும் 11, 12 வயது. அதற்குச் சுமார் ஒரு வருடத்துக்குப் பிறகு பெரியபிள்ளையாவாள். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் அல்ல. இரண்டு மூன்று வருட வித்தியாசம் சாதாரணம். 12 வயதில் மைதானத்தில் நெடுநெடுவென்று நின்று பந்தைப் பறிக்கிற பிள்ளை, அநேகமாக முந்தி வளர்ந்த பிள்ளை. 15 வயதில் மற்றவர்கள் அவளை எட்டிப்பிடிப்பார்கள். ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கும்போது, கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவளைத்தான் நாம் திறமைசாலி என்று தெரிவுசெய்கிறோம். உலகெங்கும் இளையோர் அணிகளில் வருட முற்பகுதியில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பதை ஆராய்ச்சியாளர் பலமுறை கண்டிருக்கிறார்கள். 12 வயதில் தெரிவு என்றால் நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பிறந்த திகதியை. பின்னால் வளரும் பிள்ளை, "எனக்கு விளையாட்டு வராது" என்று தனக்குத்தானே முடிவுசெய்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே இதில் அடிபட்டு ஒரு பாடம் படித்தன. அங்கே 1972இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம், அரச பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண் பெண் என்று பாரபட்சம் காட்டக்கூடாது என்றது. அதன் பலனாகப் பெண்களுக்கும் விளையாட்டுப் புலமைப்பரிசில் பெருகியது. பெருகியதும் போட்டியும் வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் போய், "எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவாயா" என்று பயிற்றுவிப்பாளர்கள் வாக்குறுதி வாங்கும் நிலை வந்தது. இப்போது பல விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்கு முன்னர் பிள்ளையோடு அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்று விதி போட்டிருக்கிறார்கள். அங்கே மகள்மாரை விளையாட விட்டிருக்கும் நம் தோழிகள் இந்த விதியைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் மூன்றாம் பிரிவுப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதில்லை. கடிதம் வந்தால் பணம் வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

நம்மவர்கள் அந்தப் பாதையில் போகவில்லையா என்றால், போயிருக்கிறார்கள். யாழ் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் 17 வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். பிறகு லொஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1958இல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டில் இந்த நாட்டின் முதலாவது தங்கத்தை வாங்கினார். கலாநிதிப் பட்டமும் எடுத்தார். பாய்ந்ததும் படித்ததும் ஒரே ஆள்தான்.

இங்கேயும் வழி இருக்கிறது. தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்த பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு விசேட ஏற்பாடு உண்டு. ஆனால் உயர்தரத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும். முப்படைகளும் வங்கிகளும் விளையாட்டுக்காரிகளை வேலைக்கு எடுக்கின்றன. அங்கேயும் முதலில் கேட்பது சாதாரண தரப் பெறுபேறு. விடுதிக்கு எடுத்த பிள்ளையைக் காலையும் மாலையும் மைதானத்தில் நிறுத்தி, கணிதத்தில் தவறவிட்டால், அவளுக்கு நாம் திறந்த கதவை நாமே சாத்தியதாகும்.

இந்தியாவில் விடுதி வைத்துத்தானே வென்றார்கள் என்று கேட்கலாம். கேட்டார்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் சிம்டேகா, குந்தி என்ற பழங்குடி மாவட்டங்களிலிருந்து ஹொக்கிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். நிக்கி பிரதான் 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் போனார். சலீமா டேட்டே இந்திய அணித் தலைவியானார். விடுதியோடு கூடிய பயிற்சி நிலையங்கள் அங்கே உண்மையில் உதவின. ஆனால் விடுதிக்கு முன்னமே ஊரில் விளையாட்டு இருந்தது. மூங்கில் கம்பை வளைத்து மட்டையாக்கி ஊருக்கு ஊர் விளையாடுவார்கள். வென்ற அணிக்கு ஆட்டுக்கடா பரிசு. வெட்டிச் சமைத்து எல்லாரும் சாப்பிடுவார்கள். (கிண்ணத்தைவிட எனக்கு இந்தப் பரிசு பிடிக்கும்.) ஆயிரம் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் பத்துப் பேரை எடுத்தால் ஊருக்கு ஒன்றும் குறையாது. ஏழு பேரைச் சேர்க்கவே கஷ்டப்படும் பாடசாலையில் இருவரை நாம் எடுத்தால், மிச்சம் ஐந்து பேர், அணி இல்லை. அந்தப் பாடசாலையில் வெயிலில் நின்று பழக்கிய ரீச்சர் அடுத்த வருடம் ஏன் பழக்க வேண்டும்? கிரான் பக்கத்துப் பாடசாலைகளில் அப்படி நின்று பழக்குகிற ரீச்சர்மார் சிலர் இன்று இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேளாமல் ஒரு பிள்ளையையும் தொடக்கூடாது.

ராணி ராம்பாலின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹரியானாவில் ஷாஹாபாத் என்ற ஊர், தகப்பன் வண்டி இழுத்துப் பிழைத்தவர். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் தினமும் அரை லீற்றர் பால் கொண்டுவந்து குடிக்கவேண்டும் என்பது பயிற்றுவிப்பாளரின் விதி. வீட்டில் வாங்கமுடிந்தது 200 மில்லிலீற்றர். மிச்சத்துக்குத் தண்ணீர் கலந்து குடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாம் இடம் வந்த இந்திய அணிக்கு அவர்தான் தலைவி. எல்லாரும் இதை மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் இதை ஒரு கிளினிக் குறிப்பாகத்தான் வாசிக்கிறேன். பால் கொண்டுவா என்று விதி போடுவது சுலபம். நம் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்து, இடைவேளையில் ஒரு பணிஸ் தின்று, 3 மணிக்கு ஓடத் தொடங்குகிறாள். மாதவிடாய் வரும் வயதில் இரும்புச்சத்துக் குறைந்தால் முதலில் தெரிவது களைப்புத்தான். "அவளுக்கு முந்தி இருந்த உசார் இல்லை, சோம்பேறியாப் போயிற்றாள்" என்று வெளியில் நின்று சொல்லுவார்கள். ஒரு இரத்தப் பரிசோதனை செய்தால் காரணம் தெரிந்துவிடும். பாடசாலையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை முந்தானைக்குள் ஒளிக்காமல் விழுங்கவையுங்கள். சோற்றோடு தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். வாவி மீனும் முருங்கையிலையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் விட்டால் நல்லது.

மாதவிடாய் நின்றால் அதை வசதி என்று நினைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சாப்பாடு குறைந்து ஓட்டம் கூடினால் உடல் முதலில் நிறுத்துவது அதைத்தான். அடுத்தது எலும்பின் பலம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலிருந்து இதற்கென்று தனிப் பெயரே வைத்து எச்சரிக்கிறது. மூன்று மாதம் வராவிட்டால் தாய்க்கு, அல்லது விடுதிப் பொறுப்பாளருக்குச் சொல்லவேண்டும்; அவர்கள் எங்களிடம் கூட்டிவர வேண்டும். ஆண் பயிற்றுவிப்பாளரிடம் ஒரு பிள்ளை இதைச் சொல்லமாட்டாள். அதனால்தான் ஒவ்வொரு அணியோடும் ஒரு பெண் பொறுப்பாக நிற்கவேண்டும் என்கிறேன். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

பிறகு முழங்கால். வலைப்பந்தில் பந்தைப் பிடித்ததும் ஓட முடியாது. நின்ற காலில் நிற்கவேண்டும். பாய்ந்து வந்து சடாரென்று நிற்கும்போது முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் அறுந்துவிடுகிறது. ஒரேமாதிரியான விளையாட்டில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இது பலமடங்கு கூடுதலாக நடக்கிறது. வெடித்தமாதிரி ஒரு சத்தம், வீக்கம். ஒரு தாய் பிள்ளையைத் தாங்கிப்பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் முதல் கேட்டது, "டொக்டர், மறுகா எப்ப விளையாடலாம்? விளையாட்டால கிடைச்ச இடம், புள்ளைய அனுப்பிப்போடுவாங்களா?" என்பதுதான். வலியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அறுவைச் சிகிச்சை செய்தாலும் குறைந்தது ஒன்பது மாதம். அவசரப்பட்டு இறங்கினால் மறுபடியும் அறும். பாயவும் தரையில் பதமாக இறங்கவும் முழங்காலை உள்ளே மடியவிடாமல் வைக்கவும் பழக்கும் 15 நிமிடப் பயிற்சி ஒன்றை ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் செய்தால், இந்தக் காயங்களை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குக் காசு தேவையில்லை. பழக்கித்தர நான் வருகிறேன்.

வளர்த்தெடுத்தல் என்று சொல்லும்போது மட்டக்களப்பில் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறவர் ஹேபேர்ட் பாதர். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து 1948இல் இங்கு வந்த யேசுசபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தைத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கினார். 1990 ஓகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு, இதே கிரான் சந்தியைத் தாண்டிப் போகும் வீதியால், தன்னோடு வந்த இளைஞர் ஒருவரோடு புறப்பட்டார். இருவரும் போய்ச் சேரவில்லை. அந்தக் கல்லூரியில் அவர் பழக்கியது பையன்களை. பெண்பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் நாற்பது வருடம் நின்றிருந்தால் என்று நான் யோசிப்பதுண்டு. நம்மிடம் பயிற்றுவிப்பாளர் வருகிறார், ஒரு பருவம் பழக்குகிறார், போட்டி முடியப் போகிறார். நிதியிலிருந்து ஒரு பெண் பயிற்றுவிப்பாளருக்கு ஐந்து வருடச் சம்பளம் ஒதுக்குங்கள். அவர் கிழமையில் இரண்டு நாள் கிரானிலும் ஒரு நாள் நமது மைதானத்திலும் நிற்கட்டும்.

செயற்குழுவுக்கு எழுதிக்கொடுத்திருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண தரம் முடியும்வரை பிள்ளை தன் ஊர்ப் பாடசாலையிலேயே படித்து, அந்தப் பாடசாலைக்கே விளையாடட்டும். நாம் வாகனமும் பயிற்றுவிப்பாளரும் பின்னேரச் சாப்பாடும் கொடுப்போம். உயர்தரத்துக்கு, விரும்பி வருகிறவளை விடுதிக்கு எடுப்போம். வருடத்துக்கு இருமுறை உயரமும் நிறையும் இரத்தமும் பார்ப்போம். அந்த விபரம் தாய்க்கும் வைத்தியருக்கும் மட்டும். முழங்கால் உடைந்தாலும், விளையாட்டே வெறுத்துப்போனாலும், உயர்தரம் முடியும்வரை பணம் நிற்காது என்பதை முதல் நாளே எழுத்தில், பெற்றோர் வாசிக்கக்கூடிய தமிழில், கையெழுத்திட்டுக் கொடுப்போம். இந்தக் கடைசி நிபந்தனையில் செயற்குழுவில் இருவருக்குச் சம்மதம் இல்லை. "விளையாடாத பிள்ளைக்கு ஏன் விளையாட்டுப் பணம்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தாய் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது என்று அவர்கள் சொல்லட்டும். இது எழுதப்படாவிட்டால் என்னுடைய பங்குப் பணத்தை நான் வாகனச் செலவுக்கு மட்டும்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். தலைவி அக்கா சிரித்தார், மறுக்கவில்லை.

கூட்டம் முடிய, பின்பக்க வகுப்பறையில் இருப்பேன். முழங்கால் நோ உள்ள தங்கச்சிமார் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள். தாய்மாரும் கூட வரலாம்.